சீசர் நாலு

"ஆனா மூணு" என்றாள் மதுவந்தி. வாயில் புதினா மிட்டாயை ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுகிற குரல். நான் என் பலகையில் அவளுடைய ஓரத்துச் சிப்பாயைத் தடவிக் கண்டுபிடித்து, குழியிலிருந்து பிடுங்கி, ஒரு கட்டம் முன்னால் செருகுகிறேன். பார்வையில்லாதவர்களுக்கான செஸ் பலகை இது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை, கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடு, கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் ஒரு சின்னக் குமிழ். அவளுக்கு முன்னால் அவளுடைய சாதாரணப் பலகை. காயை நகர்த்தியதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவளும் நானும். ஏ, பி, சி, டி என்று சொன்னால் எல்லாம் ஒன்றுபோலக் காதில் விழும் என்பதால் எட்டு வரிசைக்கும் எட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆனா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, பெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். ஊர் பேர் தெரியாத எட்டுப் பேர், காலேஜ் நாளிலிருந்து என் தலைக்குள் குடித்தனம் செய்கிறார்கள். ஆனா மூணு. எதிர்பார்த்ததுதான். கரூர் கல்யாண மண்டபத்தில், மணமேடைக்கு நேர் எதிரே, நல்ல வெளிச்சமுள்ள மேஜை எங்களுக்கு. வெளிச்சம் அவளுக்காக. மாநிலப் பெண்கள் போட்டியின் கடைசி ரவுண்டு இது. முதல் நாலு இடத்துக்குள் வருகிறவர்கள் தமிழ்நாட்டு அணிக்குப் போவார்கள். மூன்று இடம் நேற்றே முடிந்துவிட்டது. நாலாவது எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்கு. மதுவந்திக்கு டிரா போதும். எனக்குப் போதாது, நான் ஜெயிக்க வேண்டும். கறுப்புக் காயோடு, செஸ்ஸில் பட்டம் வாங்கிய பெண்ணை, அதுவும் பிரெஞ்ச் டிஃபென்ஸ் ஆடி ஜெயிக்க வேண்டும் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். பெனாசிர் நேற்று சிரித்தாள்.

பெனாசிர் சிரிப்பது குவைத்திலிருந்து வந்தாலும் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்த மாதிரியேதான் இருக்கும். ஹாஸ்டலில் என் அறைத்தோழி அவள். எனக்குப் பார்வை மங்கிப் புத்தகம் பிடிக்க முடியாமல் போன வருஷம், பரீட்சைப் பாடத்தை வாசித்துக் காட்டியவள், அலுப்பு வந்தால் செஸ் புத்தகத்தை எடுத்து அதையும் சத்தமாக வாசிப்பாள். அவளுக்கு இந்தத் திறப்பு பிடிக்கவே பிடிக்காது. "ஏண்டி தமயந்தி, உன் சொந்தச் சிப்பாயே உன் பிஷப்புக்கு வாசலை அடைச்சுடுதே, அது பாவம் உள்ளேயே கெடந்து சாகுது, இது என்னடி ஆட்டம்?" என்பாள். உண்மைதான். வெள்ளை ஈவாவில் இரண்டு கட்டம் வந்ததும், நான் ஒரே ஒரு கட்டம் வைத்துத் தடுக்கிறேன். அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் என் வெள்ளைக்கட்ட பிஷப் மாட்டிக்கொள்கிறது. அவள் ஈவா ஐந்துக்குத் தள்ளி நடுவை அடைத்துவிட்டால், எனக்கு மூச்சுவிட இடமில்லை. ஆனால் அடைத்தவளுக்கும் ஒரு கவலை வந்துவிடுகிறது. சங்கிலிபோல் நிற்கிற அவளுடைய சிப்பாய்களில் அடியில் நிற்பதைத்தான் தட்ட வேண்டும். அதனால் சீசர் ஐந்தில் சிப்பாய், சீசர் ஆறில் குதிரை, பெல்லா ஆறில் ராணி என்று மூன்றும் சேர்ந்து அவளுடைய டேவிட் நாலையே பார்க்கின்றன. இதுவரை எல்லாரும் ஆடுவதுதான். இப்போது அவள் ஆனா மூணு வைத்திருக்கிறாள், அடுத்து பெல்லா நாலு தள்ளி இந்தப் பக்கம் பரவுவதற்கு. நேற்று பெனாசிர் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "மது எப்பவும் இதைத்தான்டி ஆடுறா. நீ அழுத்தத்தை விட்டுடாதே. டேவிட் நாலைப் பார்த்துக்கிட்டே இரு. ஆர்வக்கோளாறுல சீசர் நாலு மட்டும் தள்ளிடாதே. தள்ளினா அவ நடு கல்லு மாதிரி ஆயிடும், அப்புறம் ராத்திரி பகலா முட்டினாலும் ஒண்ணும் நடக்காது." பின்னால் அவளுடைய குக்கர் விசில் அடித்தது.

சீசர் நாலு. விரல் அந்தச் சிப்பாயின் குமிழில்தான் இருக்கிறது. தொட்டால் ஆடத்தான் வேண்டும் என்பது எங்களுக்கு இல்லை, துளையிலிருந்து பிடுங்கினால்தான் கணக்கு. அதனால் தொட்டுக்கொண்டே யோசிக்கலாம். தள்ளினால் டேவிட் நாலின் மேலிருந்த என் பிடி போய்விடும். பெனாசிர் சொல்வது சரி. ஆனால் அவள் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஆனா சிப்பாய் மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டது, சீசர் சிப்பாயும் மூன்றில். இனிமேல் இந்தப் பக்கமிருந்தோ அந்தப் பக்கமிருந்தோ பெல்லா மூணைக் காக்க அவளுக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை. ஒரு வீட்டில் எல்லா அறைக்கும் கதவு போட்டுவிட்டு ஒன்றை மட்டும் மறந்த மாதிரி. நான் சீசர் நாலு தள்ளினால் அவளுடைய பெல்லா நாலு கனவு போய்விடும், தள்ளினாலும் போகிற போக்கில் வெட்டுவேன். அப்புறம் என் குதிரை ஆனா ஐந்துக்கு வந்து அந்தக் கதவில்லாத அறையைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அவள் ஒரு குதிரையை டேவிட் ரெண்டில் காவல் நிறுத்தியே ஆக வேண்டும், அது எங்கேயும் போக முடியாது. மெதுவான ஆட்டம். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிற ஆட்டம். டிரா வேண்டுமென்றால் தள்ளக்கூடாது, காய்களை மாற்றி மாற்றி வெட்டிச் சுத்தம் செய்துவிடலாம். ஜெயிக்க வேண்டுமென்றால் காய்கள் பலகையில் இருக்க வேண்டும், அவளுக்குச் சலிக்க வேண்டும், சலிப்பில் அந்தக் காவல்காரன் நகர வேண்டும். நான் சலிக்க மாட்டேன். கலெக்டர் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்க்கிறவளுக்குச் சலிப்பு என்றால் என்னவென்று தெரியும், அதோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்றும் தெரியும். பிடுங்கிவிட்டேன். "சீசர் நாலு." சொல்லிக்கொண்டே செருகினேன். எதிரே மிட்டாய் ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்கு மாறுகிற சத்தம். அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் கொஞ்ச நேரம் யோசிக்க ஒன்றுமில்லாத நகர்த்தல்கள். குதிரை டேவிட் ரெண்டு என்றாள், காவல் வந்துவிட்டது. குதிரை ஆனா ஐந்து என்றேன். அவள் பிஷப்பை ஒரு கட்டம் எடுத்தாள், நான் என் கெட்ட பிஷப்பை டேவிட் ஏழில் வைத்தேன். அவள் ராஜாவை யானைப் பக்கம் ஒளித்தாள், நான் இன்னொரு குதிரையை ஈவா ஏழுக்கு எடுத்தேன். அவள் யானை ஈவா ஒன்று. நான் நீளப் பக்கமாகக் கோட்டை கட்டினேன். அதைச் சொன்னபோது நடுவர் வேலாயுதம் சார் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தது, அவர் செருப்புக்கு ஒரு தனிக் கிறீச். கிறீச் நின்று, போனது. மண்டபத்தில் நாற்காலி நகர்கிறது, யாரோ தும்முகிறார்கள், பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள், மின்விசிறி ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக். பந்தி நடக்கும் கூடத்தில் ஞானம் உட்கார்ந்திருப்பான். ஞானசேகரன், என் கணவன், லாரி புக்கிங் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிவந்தவன், செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பதுகூட அவனுக்கு மறந்துபோகும். "ஜெயிச்சா பிரியாணி, தோத்தா ரெண்டு பிரியாணி" என்று காலையில் சொன்னான். தோற்பதில் ஒரு லாபம் இருக்கட்டும் என்று அவன் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம் இன்றைக்கு. எத்தனை போட்டி, எத்தனை பேர். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி டிரா கொடுப்பார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு, "டிரா பண்ணிக்கலாமா மேடம்" என்பார்கள். நானும் உட்கார்ந்துவிடுவேன். கால் வலிக்கிறதோ இல்லையோ, எழுந்துவிட்டவர்கள் முன்னால் நின்றுகொண்டிருப்பது சங்கடம். வீட்டுக்குப் போனால் எல்லாரும் கேட்பார்கள், அடேயப்பா, அவரோடவா டிரா பண்ணினே என்று. அந்த அடேயப்பா எனக்குக் கசக்கும்.

"குஸ்தாவ் மூணு" என்றாள் மதுவந்தி. கடிகாரத்தை அழுத்தும் சத்தம் வரவில்லை. மேஜையின் மேல் குனிந்தாள்போல, புதினா வாசனை பக்கத்தில் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, டிரா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு பேருக்குமே உள்ள போக வழியில்லையே. உங்களுக்கும் நல்ல ரிசல்ட்தானே அக்கா" என்றாள். அப்புறம்தான் கடிகாரத்தை அழுத்தினாள். அக்கா என்றதில் பொய் இல்லை. நல்ல பெண். முதல் நாள் படியில் என் கையைப் பிடிக்காமல் "இடது பக்கம் கைப்பிடி இருக்குக்கா" என்று மட்டும் சொன்னவள், அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும். ஆனால் இந்த டிரா அவளை அணியில் சேர்க்கும், என்னை வீட்டுக்கு அனுப்பும். இது பஸ் சீட் இல்லை. இது நேர்மையான வியாபாரம், எனக்குக் கோபம் வரவில்லை, சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது. என்னிடம் பயந்துதான் கேட்கிறாள். ஒருத்தி என்னிடம் பயந்து டிரா கேட்பது இதுதான் முதல் தடவை. சரி, பதில் சொல்ல வேண்டும். பதில் வாயால் சொல்ல வேண்டியதில்லை, நகர்த்தினாலே போதும், வேண்டாம் என்று அர்த்தம். எதை நகர்த்துவது. பெலிக்ஸ் ஆறு. அவளுடைய சங்கிலியின் தலையைத் தட்டுகிற சிப்பாய். இவ்வளவு நேரம் அடியைப் பார்த்துவிட்டு இப்போது தலை. அவள் வெட்டுவாள், நான் குஸ்தாவ் சிப்பாயால் திருப்பி வெட்டுவேன், அவள் ராஜாவுக்கு எதிரே என் யானைக்கு ஒரு வரிசை திறக்கும். ஆனால் என் ஈவா ஆறு அனாதையாகிவிடும். அதற்குக் காவல் தூரத்தில் நிற்கிற ராணியும் அந்தக் கெட்ட பிஷப்பும்தான். அவளுடைய கறுப்புக்கட்ட பிஷப் பெலிக்ஸ் நாலுக்கு வந்தால் என் ராஜாவின் அறையை எட்டிப் பார்க்கும். யோசிக்க வேண்டும். யோசிக்கும்போது நான் எப்போதும் தலையைத் தூக்கி மேலே பார்ப்பேன். பார்த்தேன்.

மேலே ஒன்றுமில்லை.

எனக்கு மிச்சமிருந்தது கொஞ்சம்தான். இடது கண்ணின் மேல்மூலையில் ஒரு சாம்பல் நிறம். அதில் உருவம் தெரியாது, எழுத்து தெரியாது, ட்யூப்லைட் இருக்கிற திசை தெரியும், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று தெரியும், வெயிலில் வெள்ளைச் சட்டையோடு ஞானம் நடந்தால் ஒரு அசைவு தெரியும். அந்த அசைவு அவன்தான் என்று நானே வைத்துக்கொள்வேன். கண்ணில் அழுத்த நோய், சின்ன வயதிலிருந்து, எத்தனையோ ஆபரேஷன். மதுரையில் டாக்டரம்மா போன தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு நாள் தானா நின்னுடும்மா. அன்னைக்கு ஓடி வந்தாலும் நாங்க செய்றதுக்கு ஒண்ணும் இருக்காது. வலி இருந்தா மட்டும் வாங்க." வலி இல்லை. தலையை இடது பக்கம் சாய்த்தேன். இந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறது என்று ஞானம் சொல்லியிருந்தான். இல்லை. கண்ணை மூடினேன், திறந்தேன். மூடினதற்கும் திறந்ததற்கும் வித்தியாசம் இமை மட்டும். கரண்ட் போயிருக்கலாம். ஆனால் மின்விசிறி சுற்றுகிறது, டிக், டிக். மின்விசிறி சுற்றினால் கரண்ட் இருக்கிறது. லைட் மட்டும் போயிருக்கலாம். போனால் இத்தனை பேரில் ஒருத்தராவது அடடா என்றிருப்பார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும்போது இருந்ததா? உட்கார்ந்ததும் மேலே பார்த்தேனா? நினைவில்லை. சீசர் நாலு தள்ளும்போது பார்த்தேனா, அப்போது குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், விரலால். காலையில் லாட்ஜில் பல் விளக்கும்போது இருந்தது, நிச்சயம் இருந்தது, குளியலறை பல்ப் ஒரு மஞ்சள் தூசிபோல. இருந்ததா, அல்லது நேற்றைய பல்ப்பா அது? போகிறபோது சொல்லிவிட்டுப் போகும் என்று நினைத்திருந்தேன். ஒரு வலி, ஒரு மின்னல், ஏதோ ஒன்று. நான் குதிரையையும் பிஷப்பையும் நகர்த்திக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டிருக்கிறது. கையில் வேர்வை. முளை வழுக்குகிறது. பெலிக்ஸ் ஆறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எதற்காக பெலிக்ஸ் ஆறு? ஈவா ஆறு அனாதையாகும். ஆமாம். குஸ்தாவ் வரிசை திறக்கும். லைட் எரிகிறதா என்று வேலாயுதம் சாரைக் கேட்கலாம். ஒரு வார்த்தை. கையைத் தூக்கினால் கிறீச் என்று வந்துவிடுவார். சார், மேலே லைட் எரியுதா? எரியுதேம்மா. அவ்வளவுதான். மதுவந்தி அதைக் கேட்பாள். அவளுக்குப் புரிந்துவிடும், புத்திசாலிப் பெண். அக்கா, ரெஸ்ட் எடுத்துக்கிறீங்களா என்பாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதுவரை என்னிடம் பயந்துகொண்டிருந்தவள் எழுந்து இடம் கொடுப்பாள். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் நான் அழுவேன், அழுதுகொண்டே டிரா என்பேன், எல்லாரும் பாவம் என்பார்கள், பாவத்தில் உண்மையும் இருக்கும்.

கேட்க மாட்டேன். இப்போது கேட்டாலும் பிறகு கேட்டாலும் பதில் ஒன்றுதான். ஓடிப் போகிற ஆஸ்பத்திரி இல்லை, போட்டுக்கொள்கிற சொட்டு மருந்து இல்லை, டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். போனது போயிருந்தால் ஆட்டம் முடிந்த பிறகும் போயேதான் இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் இந்த நாலாவது இடம் ஓடிவிடும். அழலாம், ராத்திரி பூராவும் அழலாம், ஞானம் தோளில் அழலாம், அவனுக்கும் அழ ஒரு பங்கு உண்டு. இப்போது இல்லை. தமயந்தி, பலகைக்கு வா. கையை முழுசாக விரித்து, மூலையிலிருந்து ஆரம்பித்தேன். ஆனா ஒன்று, அவள் யானை. சீசர் ஒன்று, அவள் பிஷப், இன்னும் வெளியே வரவில்லை, அதன் வழியில் அவளுடைய காவல் குதிரையே நிற்கிறது. டேவிட் ஒன்று, ராணி. டேவிட் ரெண்டு, குதிரை. ஈவா ஒன்று, யானை. ஈவா ரெண்டு, பிஷப். வரிசையாக எல்லாரும் இருக்கிறார்கள். மேட்டுக் கட்டம், பள்ளக் கட்டம், மேடு, பள்ளம். இதில் ஒரு கட்டத்தைக்கூட நான் இதுவரை வெளிச்சத்தை வைத்துப் பார்த்ததில்லையே. பலகையில் எனக்கு எதுவும் குறையவில்லை. மூச்சு கொஞ்சம் இறங்கியது. கடிகாரம் காதில் மாட்டிய இயர்போன் வழியாக நேரம் சொன்னது, இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. ஈவா ஆறு அனாதைதான். ஆனால் அதைத் தாக்க அவளால் உடனே முடியாது, யானைக்கும் அதற்கும் நடுவில் அவளுடைய பிஷப்பே நிற்கிறது. அவளுடைய பிஷப் பெலிக்ஸ் நாலுக்கு வர வேண்டுமானால் குதிரை வழி விட வேண்டும். குதிரை வழி விட்டால்... இங்கேதான் நின்றேன். குதிரை வழி விட்டால் பெல்லா மூணுக்கு யார்? அவள் ஆசைப்பட வேண்டும். நான் என் வீட்டுக் கதவைத் திறந்து காட்டினால்தான் அவள் தன் வீட்டுக் காவலை எடுப்பாள். திறப்போம். பயமாக இருக்கிறது. பயத்தோடேயே திறப்போம்.

"பெலிக்ஸ் ஆறு" என்றேன். குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன். மதுவந்தி பெருமூச்சு விட்டாள். டிரா வேண்டாம் என்பது புரிந்துவிட்டது. "ஈவா அஞ்சு, பெலிக்ஸ் ஆறு வெட்டுறேன்" என்றாள், கொஞ்சம் வேகமாக. நான் குஸ்தாவ் சிப்பாயால் திருப்பி வெட்டினேன். வெட்டுப்பட்ட காயைப் பெட்டியில் போடும்போது விரல் தடுமாறி அது மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. அவள் குனிந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கை ஜில்லென்றிருந்தது, அவளுக்கும் பயம். இனி அவள் முறை. நான் மேலே பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன், நாக்கு ஆடும் பல்லைத் தேடிப் போகிற மாதிரி கண் அந்த மூலைக்குப் போகப் பார்த்தது. போகாதே. வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. ஞானம் எழுந்ததும் அதைத் திறந்துவிட்டு "விடிஞ்சிருச்சு" என்பான், நான் ஏற்கெனவே பார்த்திருப்பேன், ஆனாலும் அவன் சொல்லட்டும் என்று படுத்திருப்பேன். இனி அவன் சொல்வதை நம்ப வேண்டியதுதான். நம்பலாம். அவன் விடியாததை விடிந்தது என்று சொல்கிற ஆள் இல்லை. கிறீச், வேலாயுதம் சார் வந்து நின்றார். மதுவந்தி காயை எடுத்தாள், கீழே வைத்தாள், அழுத்தமாக. "குதிரை பெலிக்ஸ் ஒண்ணு."

டேவிட் ரெண்டிலிருந்து. காவல்காரன் போய்விட்டான். நான் உடனே நம்பவில்லை. அவளுடைய குதிரையைப் பிடுங்கி பெலிக்ஸ் ஒன்றில் செருகி, காலியான டேவிட் ரெண்டுத் துளையில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். காலி. அவள் மனசு எனக்குத் தெரிந்தது: பிஷப்புக்கு வழி விட்டாயிற்று, அடுத்து பெலிக்ஸ் நாலில் வந்து என் ராஜாவை மிரட்டும், குதிரை சுற்றி வந்து அதற்குத் துணை. அவசரம், டிராவை நான் மறுத்த கோபம். பெல்லா மூணை அவள் மறந்திருக்க மாட்டாள், என் குதிரை அங்கே குதித்தால் யானையை நகர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள். சரிதான், குதிரை மட்டும் என்றால் சரிதான். ஆனால் என் டேவிட் ஏழு பிஷப்? அது ஈவா ஆறுக்குக் காவல், கட்டிப்போட்ட மாடு, எங்கேயும் போகாது என்று விட்டுவிட்டாள். பெனாசிர் நினைத்ததும் அதுதான், புத்தகத்தில் இருப்பதும் அதுதான், நானும்கூட இவ்வளவு நேரம் அப்படித்தான் வைத்திருந்தேன். விரலை அந்தப் பிஷப்பின் குமிழிலிருந்து சாய்வாக இழுத்தேன். பள்ளம், பள்ளம், பள்ளம். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் பள்ளம். சீசர் ஆறு காலி, பெல்லா ஐந்து காலி, ஆனா நாலு காலி. அங்கே போய் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் பெல்லா மூணு காலி, சீசர் ரெண்டு காலி, அதற்கப்புறம் அவள் ராணி. ராணி எங்கே ஓடும்? பக்கத்தில் எல்லாம் அவளுடைய ஆட்களே அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். டேவிட் ரெண்டு மட்டும்தான், இப்போதுதான் காலியான கட்டம். அங்கே வந்தால் என் குதிரை பெல்லா மூணில் குதித்து ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். இன்னொரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவை. ஈவா ஆறை விட்டுப் போகலாமா? போகலாம், அவளுடைய பிஷப்பே அவளுடைய யானையை மறைத்துக்கொண்டிருக்கிறது, என் ராணியும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிடுங்கினேன். "பிஷப் ஆனா நாலு."

மிட்டாய் சத்தம் நின்றது. மின்விசிறி மட்டும். பக்கத்து மேஜைகளில் கை குலுக்கிக்கொண்டு எழுந்து போனார்கள், வாசலில் யாரோ உரக்கச் சிரித்து, யாரோ உஷ் என்றார்கள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டு இருந்தது. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். கடைசியில் அவள் "பெல்லா மூணு" என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. சிப்பாயை வைத்து ராணிக்கு மறைப்பு. வேறு வழியில்லை அவளுக்கு. நான் சீசர் நாலில் நின்ற சிப்பாயால் அதை வெட்டினேன். இப்போது என் சிப்பாய் பெல்லா மூணில், கதவில்லாத அந்த அறைக்குள்ளேயே. அது இன்னும் ஒரு அடி வைத்தால் பின்னாலிருக்கும் பிஷப்பின் வழி திறந்து ராணி போகும், சிப்பாயின் இரண்டு பக்கமும் யானையும் பிஷப்பும் அடிபடும். அவள் ராணியை நகர்த்தினாள், நான் குதிரையைச் சீசர் நாலுக்குக் கொண்டுவந்தேன். அவள் நன்றாகத்தான் போராடினாள், ஒரு யானையைக் கொடுத்து மூச்சு வாங்கினாள், என் ராஜாவுக்கு இரண்டு தடவை செக் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மூலையிலிருந்து மூலைவரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஆடினேன், அவசரப்படவில்லை. பெல்லா ரெண்டு என்று சிப்பாயை வைத்தேன். கடிகாரத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"ரிசைன் பண்றேன் அக்கா" என்றாள். கையை நீட்டியிருப்பாள், நான் நீட்டினேன், நடுவில் எங்கேயோ பிடித்துக்கொண்டாள், உடனே விடவில்லை. வேலாயுதம் சார் வந்து முடிவை எழுதிக்கொண்டு, "நாலாவது இடம்மா, வாழ்த்துகள்" என்றார். அவர் செருப்பு கிறீச்சிட்டுப் போனது. மதுவந்தி எழுந்து போகவில்லை. மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள், அழட்டும், நான் ஒன்றும் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த பிஷப்பை நான் கணக்குலயே வைக்கலக்கா. ஈவா ஆறை விட்டு வராதுன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும் ரொம்ப நேரம் அப்படித்தான் நெனச்சேன்" என்றேன்.

"சீசர் நாலு தள்ளினப்போ சிரிப்பு வந்துச்சுக்கா. சும்மா மூடிட்டாங்க, டிராவுக்குத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன். அங்கேருந்து ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா? உங்களுக்கு டைம் இருந்தா."

வாசல் பக்கம் ஞானத்தின் குரல் கேட்டது, யாரிடமோ, முடிஞ்சுதா, எத்தனாவது மேஜை என்று. இன்னும் கொஞ்சத்தில் வந்துவிடுவான். வந்ததும் சொல்ல வேண்டும், முதலில் எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

"மது" என்றேன். "மேலே லைட் எரியுதா?"

"எரியுதேக்கா. ரெண்டு ட்யூப், நம்ம தலைக்கு நேர் மேலயே." அவள் குரல் சட்டென்று மெலிந்தது. "ஏன்க்கா?"

நான் தலையைத் தூக்கி, அந்த இரண்டு ட்யூப்லைட்டும் இருக்க வேண்டிய இடத்தை நேராகப் பார்த்தேன். பார்க்க வேண்டிய மட்டும் பார்த்தேன். பிறகு குனிந்து, பெட்டியிலிருந்த காய்களைப் பலகையின் பக்கத்தில் கொட்டினேன்.

"அப்புறம் சொல்றேன். நீ காயை அடுக்கு, சீசர் நாலிலிருந்து பார்ப்போம்."